பொருள் ஓரிடம், பணம் ஓரிடம்: இணையத்தில் பழைய பொருள் விற்பனையில் மோசடி நுழையும் வழி

வீட்டில் சும்மா கிடக்கும் சலவை இயந்திரத்தையோ மரக்கட்டிலையோ நான்கு கோணங்களில் படம் எடுத்து, விலையைக் குறிப்பிட்டு, ஓஎல்எக்ஸ் அல்லது ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளத்தில் பதிவிட்டவர்களில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். பதிவேற்றிய சில நிமிடங்களிலேயே முதல் அழைப்பு வந்துவிடும். மறுமுனையில் இருப்பவர் மிகுந்த மரியாதையுடன் பேசுவார். பொருள் வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்க மாட்டார், பழுது பார்த்தது உண்டா என்று கேட்க மாட்டார், சொன்ன விலையில் நூறு ரூபாய் குறைக்கும்படியும் கேட்க மாட்டார். பழைய பொருளை வாங்க வருகிறவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வது நம் ஊரில் நடக்காத காரியம். அந்த முதல் அழைப்பிலேயே விற்பவர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். ஆனால் நினைத்த விலைக்கே ஆள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை.

இந்த மோசடிகளைப் பற்றிய எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நிதி மோசடி முறைகளைத் தொகுத்து வெளியிட்ட கையேட்டிலேயே இணைய விற்பனைத் தளங்களில் நடக்கும் ஏமாற்று தனியாக விவரிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் படித்தவர்களும், வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களும், தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்களும் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். அன்றைய தில்லி முதலமைச்சரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே 2021 பிப்ரவரியில் பழைய சோபா ஒன்றை விற்க முயன்று 34,000 ரூபாய் இழந்தார். இதை அறியாமை என்றோ பேராசை என்றோ சொல்லித் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஏமாற்று எந்த இடத்தில் வைத்துக் கட்டப்படுகிறது என்று பார்த்தால்தான் அதில் சிக்காமல் இருக்கும் வழியும் தெரியும்.

புதிய பொருளை விற்கும் பெரிய இணையக் கடைகளுக்கும் பழைய பொருளுக்கான விளம்பரத் தளங்களுக்கும் வெளித்தோற்றத்தில் அதிக வேறுபாடு தெரிவதில்லை. இரண்டிலும் படம் இருக்கிறது, விலை இருக்கிறது, பேசிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் இணையக் கடையில் நாம் கட்டும் பணம் கடை நடத்தும் நிறுவனத்தின் வழியாகப் போகிறது. பொருள் வரவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது, திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது. தனிநபர்கள் தமக்குள் விற்று வாங்கும் விளம்பரத் தளம் பெரும்பாலும் ஓர் அறிவிப்புப் பலகைதான். பணம் அதன் கையைத் தொடுவதே இல்லை. பொருளை அது கண்ணால் பார்ப்பதும் இல்லை. சென்னை மூர் மார்க்கெட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய பொருள் வாங்கியவர்களுக்கும் உத்தரவாதம் ஏதும் இருந்ததில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கே பொருளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் பையிலிருந்து வெளியே வந்தது. பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாறின என்ற அந்த ஒரு காரணத்தாலேயே முன்பின் தெரியாத இரண்டு பேர் வணிகம் செய்ய முடிந்தது. இணையவழி மோசடிக்காரரின் உழைப்பு முழுவதும் இந்த ஒன்றைப் பிரிப்பதில்தான் செலவாகிறது. பொருளை ஓரிடத்திலும் பணத்தை வேறோரிடத்திலும் நிறுத்தி, இடையில் ஒரு நாளோ ஒரு மணி நேரமோ கிடைக்கச் செய்துவிட்டால் அவருடைய வேலை முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

அப்படிப் பிரிப்பதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். நேரில் வர முடியாததற்கு யாரும் சந்தேகப்படாத காரணம் எது? இராணுவ வீரர் என்பதுதான் இந்தியாவில் மிக அதிகமாகச் சொல்லப்பட்டுவரும் பதில். தாம் எல்லையில் பணியில் இருப்பதாகவும், சென்னைக்கோ கோவைக்கோ மாற்றலாகி வரவிருப்பதாகவும், பொருளை எடுத்துக்கொள்ள இராணுவ வண்டி வரும் என்றும் அவர் சொல்வார். விற்பவராக நடித்தால், அவசர மாற்றல் காரணமாகப் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்வார். சீருடைப் படம், அடையாள அட்டை, ஆதார் நகல் எல்லாம் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் வந்து சேரும். சீருடை மேல் மக்களுக்கு இருக்கும் மரியாதை ஒருபுறம், சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டால் நாட்டுக்காக உழைப்பவரை அவமதித்ததாகிவிடுமோ என்ற கூச்சம் மறுபுறம். இராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் பகுதிகளிலிருந்தும் ஹரியானாவின் நூ பகுதியிலிருந்தும் இயங்கிய குழுக்களைப் பல மாநிலக் காவல் துறைகள் இந்த வகை வழக்குகளில் கைது செய்திருக்கின்றன. அந்தக் குழுக்கள் காட்டும் அட்டைகள் எல்லாமே போலியாக அச்சிடப்பட்டவை அல்ல. முன்பு ஏமாந்தவர்களிடம் சரிபார்ப்புக்கு என்று கேட்டு வாங்கிய உண்மையான அட்டைகளும் அவற்றில் இருக்கும். நாம் இன்று நம்பி அனுப்பும் ஆதார் நகல் நாளை வேறொரு குடும்பத்திடம் நம் பெயரில் காட்டப்படும் என்பதால், பழைய பொருள் விற்கும்போது அடையாள ஆவணத்தின் படத்தை எவருக்கும் அனுப்பக் கூடாது.

அடுத்து வருவது பணம் அனுப்பும் கட்டம். இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் விற்பவர் பணத்தை இழப்பது என்ற விசித்திரம் இங்கேதான் நடக்கிறது. விற்பவர் பணம் பெற வேண்டியவர். அவர் கணக்கிலிருந்து பணம் போவது எப்படி?

தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016இல் யூபிஐ முறையைக் கொண்டுவந்தபோது, பணம் அனுப்புவதற்கு மட்டுமன்றி ஒருவரிடம் பணம் கேட்பதற்கும் அதில் வழி வைத்தது. கேட்பவர் ஒரு கோரிக்கையை அனுப்புவார்; மறுபக்கத்தில் இருப்பவர் அதை ஏற்றுத் தம் பின் எண்ணைப் பதித்தால் பணம் போய்விடும். மோசடிக்காரர் இந்தக் கோரிக்கையை அனுப்பிவிட்டு, "பணம் அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வார். திரையில் வரும் அறிவிப்பில் அவர் பெயரும் தொகையும் சரியாக இருக்கும். தொகை எந்தத் திசையில் போகிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கும். இந்த வழியில் நடந்த மோசடிகள் காரணமாகவே 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இத்தகைய கோரிக்கை அனுப்பும் வசதி நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான்; ஆனால் வணிகர்கள் அனுப்பும் கோரிக்கைகளுக்கு அது பொருந்தாது, கியூஆர் குறியீட்டை அது தொடவும் இல்லை.

கியூஆர் குறியீடு என்பது கறுப்பு வெள்ளைச் சதுரங்களில் எழுதப்பட்ட ஒரு முகவரி. யாருக்குப் பணம் போக வேண்டும், விருப்பப்பட்டால் எவ்வளவு போக வேண்டும் என்ற விவரத்தைத்தான் அது சுமக்கிறது. தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் குறியீடு கடைக்காரரின் முகவரி. அதை ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுப்பவர். ஸ்கேன் செய்து பணம் பெறுவது என்ற ஒன்று யூபிஐயில் இல்லவே இல்லை. பணம் பெற விரும்புகிறவர் தம் குறியீட்டைக் காட்டினால் போதும், அல்லது தம் யூபிஐ முகவரியைச் சொன்னால் போதும். பின் எண்ணும் அப்படித்தான். இருப்பைப் பார்ப்பது போன்ற சில வேலைகளுக்கு அது தேவைப்பட்டாலும், பிறர் அனுப்பும் பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது.

இது தெரிந்தவர்களும் தடுமாறுவது ஏன் என்று யோசித்தால் நம் பழக்கத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்கறிக் கடை முதல் மருந்துக் கடை வரை ஒரு நாளைக்குப் பத்து முறை ஸ்கேன் செய்வதும் பின் எண்ணைப் போடுவதும் கைக்குப் பழகிவிட்ட செயல்கள். நம்மில் பெரும்பாலோர் யூபிஐயில் பணம் கொடுப்பவர்களாகவே பழகியவர்கள். ஒரு பொருளை விற்றுப் பணம் பெற வேண்டிய நிலை வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறைதான் வருகிறது. பழக்கமில்லாத அந்த நேரத்தில், பழகிய செயலையே செய்யச் சொல்லி மறுமுனையில் ஒருவர் அவசரப்படுத்துகிறார். இராணுவக் கணக்கு வேறு விதமாகச் செயல்படும் என்கிறார். முதலில் ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ உண்மையாகவே அனுப்பிக் காட்டுகிறார். அந்தச் சிறு தொகை வந்து விழுந்ததும் மனம் இளகிவிடுகிறது. பிறகு பெரிய தொகைக்கான குறியீடு வருகிறது. பணம் போய்விட்டதைக் கண்டு விற்பவர் பதறும்போது, தவறு நடந்துவிட்டது, இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி இன்னொரு குறியீட்டை அனுப்புகிறார். முதல் இழப்பைவிட இரண்டாவது இழப்பு பெரிதாக இருப்பது இப்படித்தான். பணம் ஒருமுறை எதிர்த்திசையில் போய்விட்டால் அந்த நொடியிலேயே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும்; அவரோடு பேசியே அதைத் திரும்பப் பெற முடியாது. உதவி செய்வதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலியைப் போடச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். அதன் வழியாக நம் திரையில் தெரியும் ரகசிய எண்கள் அவருக்கும் தெரியும். ரிசர்வ் வங்கி இதைப் பற்றி 2019லேயே எச்சரித்திருக்கிறது.

வாங்குபவர் ஏமாறும் கதை இதைவிட எளிமையானது. சந்தையில் 60,000 ரூபாய்க்குப் போகும் வண்டி 22,000 ரூபாய்க்கு விளம்பரத்தில் நிற்கும். வேறு பலரும் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், 2,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டால் பிடித்து வைப்பதாகவும் சொல்வார்கள். அதைக் கட்டியபின் வண்டி பார்சலில் ஏற்றப்பட்ட படம் வரும். பிறகு போக்குவரத்துக் கட்டணம், காப்பீடு, முகாம் வாயில் அனுமதிச் சீட்டு, ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாமே பொருள் வந்ததும் திருப்பித் தரப்படும் என்பார்கள். கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையே அடுத்த தவணையைக் கட்ட வைக்கிறது. வாடகை வீட்டு விளம்பரங்களிலும் அட்வான்ஸ் கேட்டு இதே முறையில் பணம் பறிக்கிறார்கள். பொருளைக் கண்ணால் பார்க்கும் முன் ஒரு ரூபாயும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டவரிடம் இந்தக் கதையின் முதல் வரியே செல்லாது. நல்ல பொருள் கைநழுவிப் போகலாம், போகட்டும்.

நேரில் சந்திப்பதால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கைப்பேசியை வாங்க வருகிறவர் பணம் அனுப்பிவிட்டதாகத் தம் திரையைக் காட்டுவார். பச்சை நிறக் குறியும் தொகையும் நம் பெயரும் அதில் இருக்கும். அத்தகைய திரையை உருவாக்கித் தரும் போலிச் செயலிகள் புழக்கத்தில் உள்ளன. வங்கியிலிருந்து வந்ததைப் போன்ற குறுஞ்செய்தியையும் அனுப்ப முடியும். ஆனால் வங்கியின் குறுஞ்செய்தி எழுத்துகளாலான அனுப்புநர் பெயரில் வருமே தவிர, பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. 1,500 ரூபாய்க்குப் பதிலாக 15,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுவதும் இந்தப் போலிக் குறுஞ்செய்தியை வைத்துத்தான். எதிரில் இருப்பவரின் திரைக்கும் குறுஞ்செய்திக்கும் மதிப்புக் கொடுக்காமல், நம் வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகை கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். சர்வர் மெதுவாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று அவர் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் பொருள் நம் கையிலேயே இருக்கட்டும். அதற்குத் தோதான இடம் வீட்டு வாசலைவிட, ஆள் நடமாட்டமும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள கடைத்தெரு அல்லது வங்கி வாசல். துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது இன்னும் நல்லது.

பொருள் கைக்கு வந்த பிறகும் அது நமக்குச் சொந்தமாகாமல் போகலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்கியவருக்கும் கிடைக்காது. திருட்டுப் பொருளுக்கு முழு விலை கொடுத்திருந்தாலும் உரிமையாளர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். திருட்டு என்று தெரிந்தோ நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கியிருந்தால் அது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின் கீழ்க் குற்றமும் ஆகும். கைப்பேசியைப் பொறுத்தவரை இதைச் சரிபார்ப்பது கடினமன்று. *#06# என்று அழுத்தினால் அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் திரையில் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அந்தக் கருவி முடக்கப்பட்டதா, போலி எண் கொண்டதா என்று தெரிந்துவிடும். பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். விற்பவர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து நம் கண் முன்னே வெளியேறி, கருவியை முழுமையாக அழித்துத் தர வேண்டும். இல்லையென்றால் பூட்டிய கருவி ஒன்றுக்குத்தான் பணம் கொடுத்ததாகும். தவணை கட்டி முடிக்காத கைப்பேசியையும் இப்படி விற்றுவிடுகிறார்கள்.

வண்டி வாங்கினால் ஆர்சி புத்தகத்தின் நகலைப் பார்த்து முடிவு செய்யாமல், பதிவெண்ணை மத்திய அரசின் வாகனப் பதிவு விவரத் தளமான பரிவாகனில் போட்டு, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கடன் அடைந்ததற்கான சான்றும், பதிவிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதற்கான 35ஆம் எண் படிவமும் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியிலேயே குனிந்து பார்த்து ஒப்பிட வேண்டும்.

வண்டியை விற்பவருக்கு வேறொரு கவலை உண்டு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுபவர்கள் நம்மிடையே மிகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரும் 30 நாட்களுக்குள் வாங்கியவரும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அடுத்தடுத்துப் பலர் கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆகவே வண்டி ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொள்வதோடு, பெயர் மாறியது பரிவாகன் தளத்தில் தெரியும்வரை விற்றவர் விடாமல் பின்தொடர வேண்டும்.

நேர்மையாக விற்று, பணத்தையும் சரிபார்த்து வாங்கியவர்கள்கூடச் சில வாரங்கள் கழித்துத் தம் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைக்கும் நிலை அண்மைக் காலத்தில் ஏற்படுகிறது. வேறெங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்தை மோசடிக்காரர் நம் கணக்குக்கு அனுப்ப வைத்து, நம் கைப்பேசியையோ தங்க நகையையோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஏமாந்தவர் புகார் கொடுக்கும்போது பணம் சென்ற இடம் நம் கணக்கு என்று பதிவாகிறது. வேறொரு மாநிலக் காவல் துறையின் கடிதம் நம் வங்கிக்கு வருகிறது. எந்தத் தொகை ஐயத்துக்குரியது என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கிவைப்பது சரியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் கூறியது. ஆயினும் நடைமுறையில் அலைச்சல் குறையவில்லை. இதற்கு ஓரளவுக்கான காப்பு, வாங்க வந்தவரின் பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. நண்பர் அனுப்புவார், மைத்துனர் அனுப்புவார் என்று சொல்லி வேறு ஊரிலிருந்து பணம் வந்தால் வாங்க மறுத்துவிடலாம். வாங்கியவரோடு பேசிய உரையாடலையும், விளம்பரத்தின் படத்தையும், கையெழுத்திட்ட ரசீதையும் அழிக்காமல் வைத்திருந்தால், கேள்வி வரும் நாளில் அது விற்பனைதான் என்று காட்ட முடியும்.

பணம் போய்விட்டால் செய்ய வேண்டியதில் நேரம்தான் முக்கியம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழைக்க வேண்டும். தேசியச் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார் வந்ததும் பணம் சென்ற வங்கிக்கு அந்த அமைப்பின் வழியாகத் தகவல் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைக்கப்படுகிறது, அடுத்த கணக்குக்கு நகர்ந்துவிட்டால் அந்த வங்கிக்குத் தகவல் தொடர்கிறது. பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் பணம் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும் என்பதால், மறுநாள் காலை காவல் நிலையம் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், சென்ற கணக்கின் யூபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பேச்சு சுருங்கும். நம் வங்கிக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் பல சமயங்களில் இழப்பு அவர் மேல் விழாது என்கிறது. ஆனால் பின் எண்ணைத் தாமே பதித்த பரிவர்த்தனையை வங்கிகள் அந்த வகையில் சேர்ப்பதில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்டதாகக் கருதப்படும் இழப்பிலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் தொகைக்கு வங்கிதான் பொறுப்பு என்று அதே சுற்றறிக்கை சொல்வதால், புகாரின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வது வீண்போகாது.

இவ்வளவு வழிகள் இருந்தும், சிறிய தொகைதானே என்றும், வெளியே தெரிந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றும் பலர் புகாரே கொடுப்பதில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள் என்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கிறார்கள், கணவருக்குத் தெரியக் கூடாது என்று மனைவி மறைக்கிறார். மோசடிக்காரரின் எண்ணும் கணக்கும் புகார் வராதவரை இயங்கிக்கொண்டே இருக்கின்றன. 3,000 ரூபாய் இழந்தவர் அழைத்துச் சொல்லும் அந்த யூபிஐ முகவரி, அதே பிற்பகலில் இன்னொரு வீட்டின் 30,000 ரூபாயை நிறுத்தி வைப்பதற்கு உதவக்கூடும்.